சீமைக்குச் சென்ற சீனி

திருச்சி பாலக்கரையில் உள்ள என் அக்காளின் வீட்டுத் திண்ணை எங்கள் குடும்பத்தின் பெரிய முடிவுகள் பலவற்றைக் கண்ட திண்ணையாகும். 2023-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரு மாலை நாங்கள் எல்லோரும் அங்கே கூடியிருந்தோம். பதினான்கு ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றிய அக்காள் மகளுக்கு இங்கிலாந்தின் மருத்துவமனை ஒன்றிலிருந்து நியமனக் கடிதம் வந்திருந்தது. மே மாதத்தில் அவள் முன்னே புறப்படுவது. அங்கே வீடு அமர்த்திய பின் ஆகஸ்டு மாதத்தில் கணவரும் ஒன்பது வயது மகளும் போய்ச் சேர்வது. பாலக்கரை வீட்டைப் பூட்டிவிட்டு, எழுபத்திரண்டு வயதான அக்காள் திண்டுக்கல்லில் இருக்கும் மகன் வீட்டுக்குச் சென்றுவிடுவது. இவ்வாறு யாவும் பேசி முடிந்த வேளையில், தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுமி, "அப்பா, சீனிக்கு எப்போது பாஸ்போர்ட் எடுப்பீர்கள்?" என்று கேட்டாள்.

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

சீனி அவர்கள் வீட்டுப் பூனை. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மழையில், விறகுக் கொட்டகைக்குள் தாயைப் பிரிந்து கத்திக்கொண்டிருந்த குட்டி. சாம்பல் நிறத்தில் கருங்கோடுகள். வாலின் நுனி சற்றே மடிந்திருக்கும். அத்தான் காலமானதும் அதே ஆண்டில்தான். அன்று முதல் இரவுதோறும் அக்காளின் கால்மாட்டில் படுத்து வந்த உயிர் அது.

"அது எங்கேயும் வராது," என்றார் அக்காள். "நாய் ஆளோடு போகும்; பூனை வீட்டோடுதான் இருக்கும். திண்டுக்கல் வீட்டில் நாய் இருக்கிறது. அங்கேயும் இதைக் கொண்டுபோக முடியாது. நான் இங்கேயே இருந்து இதைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் எல்லோரும் நல்லபடியாகப் போய்விட்டு வாருங்கள்."

பூனையைப் பற்றிய சிறு வினா, இரத்த அழுத்தத்திற்கு நாள்தோறும் மருந்து உண்ணும் ஒரு மூதாட்டி பெரிய வீட்டில் தனியே வாழ்வதா என்னும் வினாவாக மாறிவிட்டது. அன்றிரவு அந்தத் திண்ணையில் எவருக்கும் பேச்சு எழவில்லை.

வாசக அன்பர்களே, உண்மையைக் கூறிவிடுகிறேன். நானும் அப்போது இந்தப் பூனைப் பேச்சை விரும்பவில்லை. தெருவில் பிறந்த ஒரு பூனையைக் கடல் கடந்து கொண்டுசெல்ல இலட்சக் கணக்கில் செலவாகும் என்று மருமகன் விசாரித்து வந்து சொன்னபோது, அந்தப் பணத்தில் ஓர் ஏழைப் பிள்ளையைக் கல்லூரியில் படிக்க வைக்கலாமே என்று வாய்விட்டே சொன்னேன். அக்காள் மகள் என்னை மறுத்துப் பேசுகிறவள் அல்லள். ஆயினும் அன்று, "சரிதான் மாமா. ஆனால் வளர்த்த உயிரைத் தெருவில் விட்டுவிட்டு நாம் விமானம் ஏறினோம் என்று என் மகள் ஆயுள் முழுவதும் நினைத்துக்கொண்டிருப்பாளே, அதற்கு நான் என்ன விலை கொடுக்க?" என்றாள். எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை.

நம்மவர்கள் ஊர் மாறும்போது பூனைகளுக்கு என்ன நேர்கிறது என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். மீன் சந்தையின் ஓரத்திலும், கன்னியர் மடத்து மதிலருகிலும், கோயில் வளாகத்திலும் கோணிப்பையை அவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடுகிறோம். 'எலி பிடித்துப் பிழைத்துக்கொள்ளும்' என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். ஆனால், வட்டிலில் சோறு கண்ட பூனை அறியாத இடத்தில், அங்குள்ள பூனைகளின் எல்லைக்குள் அகப்பட்டு, பெரும்பாலும் பட்டினியாலும் காயத்தாலும் மடிகிறது. பசிக்கும் தாகத்திற்கும் ஆளாகும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

எல்லாப் பூனைகளையும் கொண்டுசெல்ல வேண்டும் என்று நான் கூற வரவில்லை. முதுமையடைந்த பூனை, சிறுநீரகமோ இதயமோ பழுதுபட்ட பூனை, மனிதர் கைபட்டாலே வெருண்டோடும் பூனை ஆகியவற்றுக்கு நெடும் பயணம் பெரும் துன்பமே. பாரசீகப் பூனை போன்ற தட்டை முக இனங்களுக்கு மூச்சுவிடுதலே இயல்பில் கடினம். அவற்றை ஏற்றிச்செல்ல விமானக் கம்பெனிகள் பலவும் தயங்குகின்றன, சில மறுத்தே விடுகின்றன. இத்தகைய பூனையை அது நன்கு அறிந்த ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்துச் செல்வது கைவிடுதல் ஆகாது. அவ்வாறு ஏற்பவர் இருக்கிறாரா என்பதைப் பயணச் சீட்டு வாங்குமுன் பார்க்க வேண்டும். பெட்டி கட்டும் அன்று அண்டை வீட்டாரிடம் கேட்பது முறையன்று. சீனிக்கோ வயது ஆறு, நல்ல உடல்நலம், கருத்தடை அறுவையும் செய்யப்பட்டிருந்தது. ஏற்கத் தக்கவர் அக்காள் ஒருவரே. அவரோ தனியே இருக்கத் தகாதவர். ஆகவே சீனி போவது என்று முடிவாயிற்று.

முதலில் சிப், பிறகே ஊசி

பணம் சேர்த்துவிட்டால் போதும், பூனை விமானம் ஏறிவிடும் என்றுதான் நாங்கள் எண்ணினோம். பணத்தைவிடக் காலமே அரியது என்பதை ஒரு தவறு செய்த பின்புதான் கற்றோம்.

இங்கிலாந்தார் ஏன் இத்துணைக் கண்டிப்பாக இருக்கின்றனர் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அது தீவு நாடு. நாய்களிடமிருந்து பரவும் வெறிநோயை 1902-ஆம் ஆண்டிலேயே அவர்கள் ஒழித்திருந்தனர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் மறைத்துக் கொண்டுவந்த நாய்களால் 1918-இல் அந்நோய் மீண்டும் புகுந்தது. 1922-இல்தான் மறுபடியும் ஒழிந்தது. இதனால் வெளிநாட்டு நாய்களையும் பூனைகளையும் 'குவாரன்டைன்' எனப்படும் தனிமைக் காவலில் ஆறு மாதம் அடைத்து வைக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலைத்தது. அதற்கும் ஒருமுறை சோதனை வந்தது. 1969-இல், ஜெர்மனியிலிருந்து வந்து ஆறு மாதக் காவலையும் முடித்து வெளியேறிய ஒரு நாய்க்குக் கேம்பர்லி என்னும் ஊரில் சில நாட்களிலேயே வெறிநோய் கண்டது. நாடே கலங்கியது; விதிகள் மேலும் இறுகின.

பின்னர், தடுப்பூசியும் இரத்தப் பரிசோதனையும் காவலைவிட நம்பத்தக்கவை என்று அறிஞர்கள் எடுத்துரைத்ததன் பயனாக, 2000-ஆம் ஆண்டில் சில நாடுகளின் பிராணிகளுக்குக் காவல் நீக்கப்பட்டது. இந்தியா போன்ற, வெறிநோய் இன்னும் ஒழியாத நாடுகளின் பிராணிகளுக்கு 2012-ஆம் ஆண்டு ஜனவரியில்தான் அவ்வாய்ப்புக் கிட்டியது. ஆகவே, ஆறு மாதம் கம்பிக் கூண்டில் கிடக்க வேண்டியதில்லை. அதற்கு ஈடாக நம் வீட்டிலேயே சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு செயலையும் அதற்குரிய வரிசையில் செய்ய வேண்டும்.

வரிசையின் முதற்படி 'மைக்ரோ சிப்'. அரிசி மணி அளவுள்ள ஒரு சிறு குழல். ஊசி வழியாகப் பூனையின் தோள்பட்டைகளுக்கு இடையே தோலின் கீழ் செலுத்தப்படுகிறது. அதில் மின்கலம் இல்லை. பூனை எங்கே திரிகிறது என்று அது காட்டாது. படிக்கும் கருவியை அருகே கொண்டுசென்றால் பதினைந்து இலக்க எண் ஒன்றைக் காட்டும், அவ்வளவே. உலகெங்கும் அக்கருவிகள் படிக்கத்தக்க வகையில் ஐ.எஸ்.ஓ. 11784, 11785 என்னும் தர அளவுகளுக்கு உட்பட்ட சிப்பா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது படி வெறிநோய்த் தடுப்பூசி. பூனைக்குப் பன்னிரண்டு வாரம் நிறைந்திருக்க வேண்டும். சிப் பொருத்திய அன்றோ அதற்குப் பின்னரோதான் ஊசி போட வேண்டும். ஊசி முதலிலும் சிப் பின்னரும் என்றால் அந்த ஊசி கணக்கில் வராது. ஏனெனில், எந்தப் பூனைக்கு ஊசி போடப்பட்டது என்பதற்கு அந்த எண்ணைத் தவிர வேறு சான்று இல்லை.

நாங்கள் தவறியது இங்கேதான். முந்தைய டிசம்பரில் ஒரு முகாமில் சீனிக்கு ஊசி போட்டிருந்தோம். பிப்ரவரி இறுதியில் சிப் பொருத்திய கால்நடை மருத்துவர், "ஊசி ஓராண்டுக்குச் செல்லும், கவலை வேண்டாம்," என்று சொல்லி அனுப்பினார். நாங்களும் கவலையின்றி இருந்தோம். ஓர் இரவு மருமகன் விதிகளை வரிக்கு வரி படித்து வருகையில் திடுக்கிட்டு எழுந்துவிட்டார். மார்ச்சு 3-ஆம் நாள் மீண்டும் ஊசி. நல்ல வேளையாக ஒரு வாரமே வீணாயிற்று. இரத்தப் பரிசோதனைக்குப் பின் இது வெளிப்பட்டிருந்தால் மாதங்கள் வீணாகியிருக்கும். பள்ளி தொடங்கும் செப்டம்பரும் கைநழுவியிருக்கும்.

மூன்றாவது படி இரத்தப் பரிசோதனை. ஊசி போட்டுக் குறைந்தது முப்பது நாள் சென்ற பின் இரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எந்த ஆய்வகமும் ஆகாது. பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்வது நலம். இரத்தத்தில் வெறிநோய்க்கு எதிரான ஆற்றல் மில்லி லிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். குறைந்தால் மறுபடி ஊசி, மறுபடி பரிசோதனை. தேறிவிட்டால், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். முடிவுத்தாள் வந்த நாளிலிருந்து எண்ணுவோர் உளர். அது வேண்டாத தாமதம். சீனிக்கு இரத்தம் எடுத்தது ஏப்ரல் 10-ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள். ஆகவே ஜூலை 10-க்கு முன் அவள் இங்கிலாந்து மண்ணை மிதிக்க இயலாது. இந்த நாட்களைச் சிறுமி சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தாள். பயண நாள் வரை ஊசியின் காலக் கெடு முடிந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் தவறினாலும் எல்லாம் தொடக்கத்திலிருந்தே.

இவை பிரிட்டனுக்கான விதிகள். ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேறு. ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நேராக வரும் பூனையை ஏற்பதே இல்லை. ஆதலால் பக்கத்து வீட்டார் மகன் எப்படிக் கொண்டுபோனான் என்று கேட்டு நடக்காமல், செல்லவிருக்கும் நாட்டின் அரசாங்க அறிவிப்பை நாமே படிக்க வேண்டும். விதிகள் மாறுவதால் பயணத்துக்கு முன் மறுபடியும் ஒருமுறை படிக்க வேண்டும்.

கூண்டு வீடாயிற்று

நிற்க. தாள்களின் கதை இவ்வாறு நடந்துகொண்டிருக்க, வீட்டினுள் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. அதை நடத்தியவர் எவர் என்று நினைக்கிறீர்கள்? பூனையை அனுப்பவே கூடாது என்ற அக்காள்தான்.

அவர் மனம் எப்போது மாறியது என்று எனக்குத் திட்டமாகத் தெரியாது. ஒருநாள் அவருக்கு ஒரு பழங்கதை சொன்னேன். பாப்பரசர் பன்னிரண்டாம் சிங்கராயர் ஒரு பூனை வளர்த்து வந்தார். மிச்செத்தோ என்பது அதன் பெயர். 1829-இல் அவர் இறந்ததும், உரோமையில் பிரான்சு நாட்டுத் தூதுவராக இருந்த எழுத்தாளர் ஷதோபிரியான் அப்பூனையை ஏற்றுத் தம் நாட்டுக்கு அழைத்துச் சென்றார். கேட்ட அக்காள், "பாப்பானவர் பூனைக்கே ஊர் மாற வேண்டி வந்ததா?" என்று மட்டும் சொன்னார். மறுநாள் நான் சென்றபோது, மருமகன் வாங்கி வந்து மூலையில் வைத்திருந்த பயணக் கூண்டு கூடத்தின் நடுவே இருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பிடி நெத்திலிக் கருவாடு.

கூண்டைப் பற்றிச் சில சொற்கள். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் அதற்கு அளவு வகுத்துள்ளது. பூனை உள்ளே தலை முட்டாமல் நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், கால் நீட்டிப் படுக்க வேண்டும். மூக்கிலிருந்து வாலின் அடிவரை உள்ள நீளத்தோடு முன்னங்கால் முழங்கை உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம் கிடைக்கும். தோள் அகலத்தை இரட்டித்தால் அகலம் கிடைக்கும். சிறுமி தையல் நாடாவை எடுத்துக்கொண்டு சீனியை அளந்த காட்சியைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். வாலின் நுனியையும் சேர்த்து அளந்து, இரண்டாம் முறை திருத்திக்கொண்டாள். காற்று எல்லாப் பக்கமும் நுழைய வேண்டும்; கதவைத் திறவாமலே வெளியிலிருந்து நீர் ஊற்றும் வகையில் கிண்ணங்கள் இருக்க வேண்டும்.

சிலர் பயண நாளன்றுதான் கூண்டை வாங்குகிறார்கள். பூனையைப் பிடித்துத் திணிக்கிறார்கள். அது கத்துகிறது, கீறுகிறது, சிறுநீர் கழிக்கிறது. பூனைக்கு இடமே உலகம். அறியாத பெட்டி அதற்குச் சிறை. ஆனால், நான்கு மாதம் முன்பே கூடத்தில் திறந்து கிடக்கும் பெட்டி நாளடைவில் அதன் அறையாகிவிடும். அக்காள் முதலில் கூண்டின் வாயிலில் வட்டிலை வைத்தார். சில நாட்களில் சற்று உள்ளே. பிறகு கடைசி மூலையில். சீனி உள்ளே உண்ணத் தொடங்கிய பின் ஒரு நிமிடம் கதவைச் சாத்தினார், பிறகு ஐந்து நிமிடம், பிறகு அரைமணி. மே மாதத்தில் மகள் விமானம் ஏறிய வாரம், பகல் உறக்கத்துக்குச் சீனி தானாகவே கூண்டுக்குள் போய்ச் சுருண்டுகொண்டாள். "நீ படித்துப் படித்துச் சொன்னாலும் உன் மகள் சாப்பிடாமல் புறப்பட்டாள். இது சொல்லாமலே கற்றுக்கொண்டது," என்று அக்காள் மருமகனிடம் கூறியதாக அறிந்தேன்.

உணவையும் மாற்ற வேண்டியிருந்தது. சீனி தயிர்சோறும் காரப்பொடி மீனும் உண்டு வளர்ந்தவள். பயணத்திலும் புது நாட்டிலும் இவை ஏது? கடையில் விற்கும் உலர் தீனியைச் சோற்றோடு சிறிது சிறிதாகக் கலந்து, மூன்று வாரத்தில் பழக்கினார்கள். இங்கே ஒன்று: வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. பயணத்தன்று அன்பு மிகுதியால் ஒரு கிண்ணம் பால் ஊற்றிவிடாதீர்கள். தோட்டத்து மண்ணில் மலம் கழித்துப் பழகியவளைத் தட்டுக்குப் பழக்க, முதலில் அதே மண்ணைத் தட்டில் நிரப்பி, பிறகு கடை மணலைச் சிறிது சிறிதாகச் சேர்த்தார்கள். வாரம் ஒருமுறை கூண்டோடு ஆட்டோவில் ஏற்றிக் காந்தி சந்தை வரை சென்று திரும்பினார்கள். ஆட்டோக்காரருக்கு இச்செயல் வெகு நாள் விளங்கவில்லை.

மயக்க மருந்து கொடுத்தால் பூனை உறங்கிக்கொண்டே போய்விடாதா என்று பலர் கேட்கிறார்கள். கொடுக்கவே கூடாது. வானில் மயங்கிய உடலின் இரத்த அழுத்தமும் மூச்சும் தாழ்ந்துவிடலாம். உடல் வெப்பத்தைச் சீராக்கும் ஆற்றலும் குன்றும். மயங்கிய பிராணியை ஏற்க விமானக் கம்பெனிகள் மறுப்பதும் இதனால்தான். பழக்கமே மருந்து.

பதினைந்து இலக்கம்

பிரிட்டனுக்குள் விமானத்தில் வரும் பூனை, பயணியின் மடியிலோ இருக்கையின் கீழோ வர முடியாது. சரக்காகப் பதிவு பெற்றே வரவேண்டும். இதைக் கேட்டுச் சிறுமி அழுதாள். சரக்கு என்றால் மூட்டைகளோடு மூட்டையாக என்று அவள் எண்ணிவிட்டாள். பிராணிகள் பயணம் செய்யும் பகுதியில் காற்றழுத்தமும் வெப்பமும் பயணிகள் பகுதியைப் போலவே காக்கப்படுகின்றன என்று தந்தை விளக்கிய பிறகே தேறினாள். உரிமையாளர் பூனைக்கு ஐந்து நாள் முன்போ பின்போ பயணம் செய்தாக வேண்டும். இன்றேல் அது வணிகப் பொருளாகக் கருதப்படும். குடிபெயர்வோர் தம் பிராணிக்கு வரிவிலக்குப் பெற, வசிப்பிட மாற்றச் சலுகைக்கு அந்நாட்டு வரித்துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பன்னிரண்டு மாதம் அந்நாட்டுக்கு வெளியே வாழ்ந்திருப்பதும், ஆறு மாதமாவது பூனையை வைத்திருப்பதும் அதற்கு நிபந்தனைகள்.

இறுதியாக, இங்கிலாந்து சேருவதற்கு முந்தைய பத்து நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த கால்நடை மருத்துவர் உடல்நலச் சான்றிதழ் அளிக்க வேண்டும். நம் நாட்டிலிருந்து வெளியேறுவதற்கு, மத்திய அரசின் விலங்குகள் தனிமைக் காவல் மற்றும் சான்றளிப்பு நிலையத்தின் ஒப்புதல் வேண்டும். அதன் நிலையங்களுள் ஒன்று சென்னையில் உள்ளது. ஆகஸ்டு முதல் வாரத்தில் அக்காளும் மருமகனும் சிறுமியும் நானும் சீனியோடு வாடகைக் காரில் சென்னைக்குப் புறப்பட்டோம். வெயிலுக்கு அஞ்சி இரவில் கிளம்பினோம். விழுப்புரம் வரை சீனி ஒரே சுருதியில் பாடிக்கொண்டு வந்தாள்.

சென்னையில் ஒரு விடுதி அறையில் தாள்களைக் கட்டிலில் பரப்பி மருமகன் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சிறுமி சிப்பின் பதினைந்து இலக்கத்தை மனப்பாடம் செய்திருந்தாள். விளையாட்டாக அதை ஒப்பித்துக்கொண்டே தந்தையின் தோள்வழியாகப் பார்த்தவள், "அப்பா, இது சீனி இல்லை," என்றாள். தடுப்பூசி அட்டையில் பதினோராம் இலக்கம் 6 என்பதற்கு மாறாக 8 என்று எழுதப்பட்டிருந்தது. ஐந்து மாதமாகப் பெரியவர்கள் எவர் கண்ணிலும் படாத பிழை. அட்டையும் ஆய்வகத் தாளும் ஒத்துவராவிட்டால், லண்டனில் சீனியை நான்கு மாதம் வரை காவலில் வைக்கலாம், திருப்பியும் அனுப்பலாம், செலவெல்லாம் நம்முடையது. மருமகனின் கை நடுங்கியதை நான் கண்டேன். இரவோடிரவாகத் திருச்சி மருத்துவரை எழுப்பி, அவருடைய பதிவேட்டில் சரியான எண் இருப்பதைப் பார்க்கச் செய்து, காலையில் முதற்பேருந்தில் ஏறிய என் மாணவன் ஒருவன் கையில் முத்திரையிட்ட புதிய அட்டை நண்பகலில் வந்து சேர்ந்தது. நிலையத்து அதிகாரி கருவியைச் சீனியின் முதுகில் வைத்து எண்ணைப் படித்தார், தாளைப் பார்த்தார், மறுபடி படித்தார், கையெழுத்திட்டார்.

அக்காள் தம் பழைய நூற்சேலை ஒன்றை, துவைக்காததை, இரண்டாகக் கிழித்துப் பாதியைக் கூண்டில் விரித்தார். தண்ணீர்க் கிண்ணத்தில் நீரை உறைய வைத்திருந்தார்கள்; ஏற்றும்போது சிந்தாது, வழியில் சிறிது சிறிதாக உருகிக் குடிக்க உதவும். சரக்குப் பகுதியின் வாயிலில் சீனி கம்பியினூடே மூக்கை நீட்டினாள். அக்காள் விரலை வைத்தார். ஒன்றும் பேசவில்லை.

ஹீத்ரோ விமான நிலையத்தில் பிராணிகளைப் பரிசோதிப்பதற்கென்றே ஒரு வரவேற்பு மனை உள்ளது. அங்கே தாள்களையும் சிப்பையும் சரிபார்த்துச் சீனியை வெளியே விட ஐந்து மணி நேரம் ஆயிற்றாம். அக்காள் மகள் இரவுப் பணி முடித்து நேரே வந்து காத்திருந்தாள். பூனையோடு குடியிருக்க ஒப்பும் வீட்டுக்காரரைக் கண்டுபிடிக்க அவள் ஏழு வீடுகள் ஏறி இறங்கியிருந்தாள். இங்கிலாந்தில் 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், பிராணி வளர்க்க அனுமதி கேட்கும் உரிமையைக் குடியிருப்போருக்கு வழங்குகிறது. அன்று அந்த ஆதரவு இல்லை.

புது வீட்டில் முதல் நாட்களே கடினமானவை. வீடு முழுவதையும் காட்டாமல், ஒரே ஓர் அறையில் கூண்டு, தட்டு, நீர், தீனி ஆகியவற்றை வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். கட்டிலின் கீழ் ஒளிந்தால் இழுக்கக் கூடாது. ஆயினும், இரண்டு நாள் முழுதும் எதுவும் உண்ணாவிட்டால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். பட்டினி கிடக்கும் பூனையின் கல்லீரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கே ஊறு நேரலாம். மூன்று வாரமாவது வெளியே விடக் கூடாது. பழைய வீட்டைத் தேடிப் புறப்பட்டுவிடும். சிப்பின் எண்ணோடு புது முகவரியையும் அந்நாட்டுப் பதிவேட்டில் சேர்ப்பது அவசியம். 2024-ஆம் ஆண்டு ஜூன் 10 முதல் இங்கிலாந்தில் வீட்டுப் பூனைகளுக்குச் சிப் பொருத்துவது கட்டாயமும் ஆகிவிட்டது.

சீனி முதல் நாள் கட்டிலுக்கடியிலிருந்து வரவில்லை. இரண்டாம் நாள் நள்ளிரவில் தீனியைக் கொறிக்கும் ஓசை கேட்டதாகச் சிறுமி தொலைபேசியில் சொன்னாள். அப்போது அக்காள் திண்டுக்கல்லில் இருந்தார். சென்னையிலிருந்து பாலக்கரைக்குத் திரும்பாமல், நேரே மகன் வீட்டுக்கே போகலாம் என்று அவராகவே சொல்லியிருந்தார். அங்கே நாய் வளர்கிறது என்றேன் அல்லவா? அது இப்போது அவருடைய கட்டிலுக்கருகில் படுக்கிறது. அதைத் தமக்குப் பிடிக்கவில்லை என்றுதான் இன்றும் சொல்லி வருகிறார்.

மூன்றாம் வாரம் நான் திண்டுக்கல் சென்றிருந்தபோது இங்கிலாந்திலிருந்து அழைப்பு வந்தது. குளிர் தொடங்குமுன் துணிகளையெல்லாம் துவைக்கப் போவதாகவும், கூண்டிலிருந்த சேலைத் துண்டில் பூனை முடி அப்பிக் கிடப்பதாகவும் அக்காள் மகள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அதை மட்டும் துவைக்காதே," என்றார் அக்காள். "அது அதன் மேலேதானே படுக்கிறது?"

"ஆமாம், அம்மா."

"அப்படியானால் கிடக்கட்டும். மற்றப் பாதி இங்கே என்னிடம் இருக்கிறது."